முதலில் எதை உருவாக்குவது? வாடிக்கையாளர் பேட்டி எடுத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிய ப்ராடக்ட் தொடங்க நினைப்பவர்கள் பத்துப் பதினைந்து பேரிடம் பேசிவிட்டு, கைநிறையக் குறிப்புகளோடு வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

உதாரணம் தேவைப்படும் இடங்களில் எல்லாம் ஒரே கற்பனை ப்ராடக்டை வைத்துப் பேசுகிறோம்: ஃப்ரீலான்சர்கள் பில் அனுப்பிய பிறகு பணம் சீக்கிரம் வந்து சேர உதவும் செயலி.

ஒரு ஃபார்ம் அனுப்பினா 200 பதில் வந்துடும். எதுக்கு ஒவ்வொருத்தர்கிட்டயா உட்கார்ந்து பேசணும்?

ஃபார்மில் நீங்கள் யோசித்து வைத்த கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். "பணம் தாமதமாக வருகிறதா?" என்று கேட்டால் 200 பேரும் ஆமாம் என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நேரில் பேசினால் ஒருவர், பில் இப்போது யாருடைய மேசையில் கிடக்கிறது என்றே தெரியவில்லை என்பார். இன்னொருவர், அழுத்திக் கேட்டால் அடுத்த வேலை வராமல் போய்விடுமோ என்று பயப்படுவார். மூன்றாமவருக்கு பில்லில் ஆர்டர் எண் விட்டுப்போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்திருக்கும். மூன்றும் "தாமதம்"தான். ஆனால் மூன்றுக்கும் மூன்று வேறு ப்ராடக்ட் வேண்டும்.

பேட்டி முதலில், ஃபார்ம் பிறகு என்பதே சரியான வரிசை. பிரச்சினை எப்படிப்பட்டது என்பதைப் பேட்டி சொல்லும், எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதைச் சொல்லாது. 14 பேரில் 7 பேர் சொன்னார்கள் என்பதற்காக "சந்தையில் 50%" என்று எழுதிவிடாதீர்கள்.

யார்கிட்ட பேசறது? தெரிஞ்சவங்க, நண்பர்கள்கிட்ட ஆரம்பிக்கலாமா?

கேள்வி கேட்டுப் பழகுவதற்கு நண்பர்கள் போதும். முடிவெடுக்க உதவ மாட்டார்கள். உங்கள் மனம் நோகக் கூடாது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது வயது, தொழில், வருமானம் பார்ப்பதைவிட, அந்தப் பிரச்சினை அவருக்கு அண்மையில் நடந்ததா என்று பாருங்கள். பேட்டிக்கு முன் மூன்று கேள்வி போதும்: கடந்த மூன்று மாதத்தில் எத்தனை பில் அனுப்பினீர்கள்? அதில் எத்தனைக்குப் பணம் குறித்த தேதி தாண்டி வந்தது? கடைசியாக அப்படி ஆனபோது என்ன செய்தீர்கள்? இரண்டாம் கேள்விக்குப் பூஜ்யம் என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். எந்தப் பதில் வந்தால் பேட்டிக்கு எடுப்பீர்கள் என்பது கேள்வியைப் பார்த்தவுடன் தெரியும்படி இருக்கக் கூடாது. தெரிந்தால், உதவ நினைக்கும் நல்லவர்கள் அந்தப் பதிலையே தந்துவிடுவார்கள்.

எத்தனை பேர்? 5 பேர் போதும்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கே?

அந்த ஐந்து வேறு ஊர்க் கணக்கு. ஏற்கெனவே இருக்கும் ஒரு திரையைப் பயனர் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்கும் சோதனைக்காக ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் தந்த கணக்கு அது. ஒரு பயனர் சராசரியாக 31% குறைகளை வெளிக்கொணர்வார் என்று கொண்டால், ஐந்து பேரில் ஏறத்தாழ 85% வந்துவிடும். என்ன தேவை என்றே தெரியாத நிலையில் எடுக்கும் பேட்டிக்கு அந்த எண் பொருந்தாது.

தேவைகளைக் கண்டறியும் பேட்டிக்கு வேறு ஆய்வுகள் உண்டு. அதே 1993இல் ஆபி கிரிஃபினும் ஜான் ஹவுசரும் வெளியிட்ட கட்டுரையின்படி, 90 முதல் 95 சதவீதத் தேவைகளைப் பிடிக்க 20 முதல் 30 தனிப் பேட்டிகள் வேண்டும். 60 பேட்டிகளை அலசிய 2006ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பெரும்பாலான கருத்துகள் முதல் 12 பேட்டிக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் அங்கே பேசியவர்கள் ஓரளவு ஒரே வகையினர், கேள்விகளும் ஒன்றே.

நடைமுறைக்கு: ஒரே வகை ஆட்கள் என்றால் 10 முதல் 12 பேர் என்று திட்டமிடுங்கள். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும், இதுவரை கேட்காத புதிய விஷயம் எத்தனை வந்தது என்று ஓர் எண்ணைக் குறித்து வையுங்கள். 9, 7, 6, 3, 4, 1, 0, 1 என்று அது இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அடுத்தடுத்து மூன்று பேட்டிகளில் ஒன்றோ பூஜ்யமோ வந்தால் அந்த வகையினரோடு நிறுத்திக்கொள்ளலாம். பன்னிரண்டு தாண்டியும் எண் இறங்கவில்லையா? இரண்டு மூன்று வகை ஆட்களை ஒன்றாகக் கலந்திருக்கிறீர்கள்.

சரி, உட்கார்ந்தாச்சு. என்ன கேட்கறது?

நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக ஒரு பில்லுக்குப் பணம் தாமதமானது எப்போது? அன்றிலிருந்து பணம் வந்த நாள் வரை என்னென்ன நடந்தது, வரிசையாகச் சொல்லுங்கள்." 45 நிமிடப் பேட்டியில் 25 நிமிடம் இந்த ஒரு கேள்விக்கே போகலாம். குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு போகும் இந்த முறை புதிதல்ல. விமானிகள் பற்றிய ஆய்வுகளிலிருந்து உளவியலாளர் ஜான் ஃபிளனகன் உருவாக்கி 1954இல் எழுத்தில் வைத்தது.

துணைக் கேள்விகள்: அப்போது என்ன செய்தீர்கள்? அதற்கு எவ்வளவு நேரம் ஆனது? அதற்கு முன் வேறு என்ன முயன்றீர்கள்? ஏன் விட்டுவிட்டீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி தங்கம். முயன்று கைவிட்ட செயலி எதுவோ, அதுதான் உங்கள் உண்மையான போட்டியாளர். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நான்கைந்து நொடி மௌனத்துக்குப் பிறகுதான் பலரும் விஷயத்துக்கு வருவார்கள். நாம்தான் பதறிப்போய் அந்த மௌனத்தை அடுத்த கேள்வியால் நிரப்பிவிடுகிறோம்.

கேட்கக் கூடாதவை: "இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?", "எவ்வளவு கொடுப்பீர்கள்?", "உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?" முதல் இரண்டும் ஜோசியம் கேட்பது. மூன்றாவது, உங்கள் வேலையை அவர் தலையில் கட்டுவது.

என் ஐடியாவைச் சொல்லாம எப்படி 45 நிமிஷம் பேசறது?

"ஃப்ரீலான்சர்கள் பணம் வசூலிப்பது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள முயல்கிறோம்" என்றால் போதும். அது பொய்யும் இல்லை. ஐடியாவைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் காட்டுங்கள். அதன் பிறகு வரும் குறிப்புகளைத் தனித் தாளில் எழுதுங்கள். ஐடியாவைக் கேட்டபின் அவர் சொல்வது உங்கள் ஐடியாவைப் பற்றிய கருத்து, அவருடைய வாழ்க்கையைப் பற்றிய தகவல் அல்ல.

ரெக்கார்ட் பண்ணணுமா, நோட்ஸ் எடுத்தா போதுமா?

அனுமதி கேட்டு ரெக்கார்ட் செய்யுங்கள். எப்போது அழிப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். மறுத்தால் இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பேச, மற்றவர் எழுத. பேட்டி முடிந்த அன்றே அரை மணி நேரம் ஒதுக்கிக் குறிப்பைச் சீராக்க வேண்டும். மூன்று நாள் கழித்தால், அவர் சொன்னதும் நீங்கள் நினைத்துக்கொண்டதும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும்.

அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். "நான் பிச்சை கேக்கிற மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னதை "நினைவூட்டல் அனுப்பத் தயக்கம்" என்று சுருக்கினால், பிரச்சினையின் உயிரே போய்விடுகிறது. தலைப்பு வைப்பது பின்னால் செய்ய வேண்டிய வேலை.

15 பேட்டி முடிஞ்சுது, 60 பக்கம் குறிப்பு இருக்கு. இப்ப தலை சுத்துது. எங்க தொடங்கறது?

ஒரு சம்பவம் அல்லது ஒரு செயல், ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் அவருடைய வாக்கியம், மூலையில் பேட்டி எண். 15 பேட்டிக்கு 150 முதல் 250 சீட்டு வரலாம். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி, ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தோன்றுபவற்றை அருகருகே நகர்த்துங்கள். குழு உருவான பிறகே பெயர் வையுங்கள். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதா உருவாக்கிய முறை இது. மென்பொருள் வந்துவிட்டதால் சுவருக்குப் பதில் திரை, வேலை அதேதான்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, "நினைவூட்டல்", "டாஷ்போர்டு", "பேமென்ட் லிங்க்" என்று முதலிலேயே தலைப்புகளை எழுதிவைத்துச் சீட்டுகளை அதற்குள் திணிப்பது. அப்படிச் செய்தால் ஏற்கெனவே மனதில் இருந்த வசதிகளின் பட்டியல்தான் திரும்பக் கிடைக்கும். குழுவின் பெயர் வாடிக்கையாளரின் வாயால் சொல்லக்கூடிய முழு வாக்கியமாக இருக்கட்டும்: "பில் யாரிடம் நிற்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை." எந்தக் குழுவிலும் சேராத சீட்டுகள் மிஞ்சும். தூக்கி எறியாமல் ஓரமாக வையுங்கள்.

குறிப்புகளை ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எழுத்தாக்கவும் தேடவும் நன்றாக உதவும். ஆனால் தொகுப்பை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அடிக்கடி வந்த சொற்களை அது முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். ஒரே ஒருவர் சொன்ன விசித்திரமான விஷயம் காணாமல் போகும். சில சமயம் அந்த விசித்திரத்தில்தான் ப்ராடக்ட் இருக்கிறது.

அதிகம் பேர் கேட்டதை முதல்ல செஞ்சா முடிஞ்சுதே? அப்புறம் என்ன குழப்பம்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். தலையை எண்ணினால் ஏமாறுவீர்கள். ஒரு வசதியைக் கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அதனால் எளிதில் நினைவுக்கு வருவதை எல்லோரும் கேட்பார்கள். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு, சொன்னவர்கள் அதற்காக இதுவரை என்ன செய்திருக்கிறார்கள் என்றும் எடை போட வேண்டும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எடை கொடுங்கள். "இருந்தால் நல்லா இருக்கும்" என்ற வகைப் பேச்சுக்கு 0. தேதியோடு சொல்லக்கூடிய உண்மைச் சம்பவத்துக்கு 1. தானே ஏதோ ஒரு வழி செய்து ஒப்பேற்றுகிறார் என்றால் 2: எக்செல் தாள், நண்பரின் உதவி, கையால் எழுதிய பட்டியல். அதற்காகப் பணமோ வாராவாரம் பல மணி நேரமோ செலவழிக்கிறார் என்றால் 3. ஒரே ஆள் ஒரே விஷயத்தை ஐந்து முறை சொன்னாலும் அவருடைய உயர்ந்த எடை ஒன்றை மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால் வாயாடிகள் ஜெயித்துவிடுவார்கள்.

நம் உதாரணத்தில் 14 பேரில் 11 பேர் "தானாக நினைவூட்டல் போகணும்" என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 11 பேரில் காலண்டரிலாவது ஒரு நினைவூட்டல் போட்டவர்கள் இருவர் மட்டுமே. மற்ற 9 பேருக்கு வெறும் பேச்சு. மொத்தம் 2 × 2 = 4. "பில் யாரிடம் நிற்கிறது என்று தெரியவில்லை" என்றவர்கள் 5 பேர்தான். ஆனால் அதில் நால்வர் வாரம் ஒருமுறை கணக்குப் பிரிவுக்குப் போன் செய்து, யாரிடம் பேசினோம் என்று எக்செல்லில் குறித்துவைக்கிறார்கள். ஒருவர் இதற்கென்றே பகுதிநேர உதவியாளர் வைத்திருக்கிறார். 4 × 2 + 3 = 11. முதலில் உருவாக்க வேண்டியது எது என்பதில் இனி பெரிய விவாதம் இல்லை.

ஆனா எல்லாரும் "சூப்பர் ஐடியா, வந்தா கண்டிப்பா வாங்குவேன்"னு சொன்னாங்களே. அதுக்கு எடையே இல்லையா?

இல்லை. மேலே சொன்ன கணக்கில் அது 0. பாராட்டு மரியாதை, அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, "நன்றி. கடைசியாக இதற்காக என்ன செய்தீர்கள்?" என்று பேச்சைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

உண்மையான ஆர்வம் உள்ளவர் ஏதோ ஒன்றை இழக்கச் சம்மதிப்பார். நேரம்: அடுத்த வாரம் தன் பில்களை எடுத்துவந்து ஒரு மணி நேரம் உட்காருவார். பெயர்: தன் வாடிக்கையாளர் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவரை அறிமுகப்படுத்துவார். பணம்: முன்பணம் கட்டுவார். மூன்றையும் கேட்டுப் பாருங்கள். "வந்ததும் சொல்லுங்க" என்று நழுவினால் அதுவே பதில்.

நிறைய பேர்கிட்ட, ஒரு ஆயிரம் பேர்கிட்ட கேட்டா இந்தத் தப்பெல்லாம் சரியாகிடும்ல?

கேள்வி தவறாக இருந்தால் எண்ணிக்கை காப்பாற்றாது. கோக்க கோலா நிறுவனம் ஏறத்தாழ 2 லட்சம் சுவைச் சோதனைகள் நடத்தி, புதிய சுவையே பிடிக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, 1985 ஏப்ரல் 23 அன்று பழைய சூத்திரத்தை மாற்றியது. எதிர்ப்பு தாங்காமல் 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. எது ருசி என்ற கேள்விக்குச் சரியான பதில்தான் வந்திருந்தது. பழையது இனி கிடைக்காது என்றால் மக்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை ஒரு மடக்குச் சுவை சொல்லாது.

ரைஸ் மாதிரி ஸ்கோரிங் முறை இருக்கே. அதுல போட்டா முடிவு தானா வந்துடாதா?

ரைஸ் (RICE, நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்) கணக்கு இதுதான்: எட்டும் ஆட்களின் எண்ணிக்கை × தாக்கம் × நம்பிக்கை ÷ உழைப்பு. தாக்கத்துக்கு 0.25 முதல் 3 வரை, நம்பிக்கைக்கு 100%, 80%, 50%, உழைப்பு ஆள்-மாதங்களில் (ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலை 1). ஏற்கெனவே பயனர்கள் இருக்கும் ப்ராடக்டில், அடுத்த வசதி எது என்று வரிசைப்படுத்த நல்ல கருவி.

முதல் ப்ராடக்டுக்கு இதில் ஒரு பொறி உண்டு. நினைவூட்டல்: 200 × 1 × 80% ÷ 2 = 80. பில் நிலை காட்டும் பக்கம்: 120 × 2 × 50% ÷ 1 = 120. இரண்டாவது ஜெயித்தது. தாக்கம் 2 என்று போட்டது ஒரு ஊகம். 1 என்று போட்டிருந்தால் 60, நினைவூட்டல் ஜெயித்திருக்கும். ஒரே ஒரு ஊகத்தை மாற்றினால் வரிசை தலைகீழாகிறது என்றால், அது கணக்கு அல்ல, கணக்கு உடை அணிந்த அபிப்பிராயம். ஒவ்வொரு எண்ணையும் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் பாருங்கள். எந்த எண் முடிவைப் புரட்டுகிறதோ அதைத் தெரிந்துகொள்ளத்தான் அடுத்த பேட்டி.

பேட்டிக்குப் பிறகு பெரிய சர்வே எடுக்கும்போது உதவும் இன்னொரு கணக்கு: ஒரு தேவை எவ்வளவு முக்கியம், இன்று எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் வாங்கி, முக்கியத்தோடு அந்த இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுவது. முக்கியம் 9, திருப்தி 3 என்றால் 9 + 6 = 15. முக்கியம் 7, திருப்தி 8 என்றால் வித்தியாசத்தைப் பூஜ்யமாகக் கொண்டு 7 மட்டும். ஏற்கெனவே திருப்தியாக இருக்கும் இடத்தில் போய்க் கடை விரிக்காமல் இது தடுக்கும். 12 பேரின் சராசரியை வைத்து இதைப் போடாதீர்கள். ஒருவர் மனம் மாறினாலே எண் ஆடிவிடும்.

பேட்டியில யாருமே சொல்லாத விஷயத்தையும் செய்யணுமா?

சிலவற்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஜப்பானியத் தர மேலாண்மைப் பேராசிரியர் நோரியாகி கானோ 1984இல் சொன்ன பிரிவு இங்கே கைகொடுக்கும்: இருந்தால் யாரும் கவனிக்காத, இல்லாவிட்டால் எரிச்சலூட்டும் அடிப்படைத் தேவைகள், கூடக்கூடத் திருப்தியும் கூடும் தேவைகள், எதிர்பாராமல் மகிழ்விக்கும் தேவைகள். முதல் வகையைப் பேட்டியில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "என் பில்லில் தொகை தப்பாக வரக் கூடாது" என்று கேட்டு வாங்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

அடிப்படைத் தேவைகளைக் கண்டுபிடிக்க, முன்பு முயன்ற கருவியை ஏன் கைவிட்டார் என்ற பதிலைப் பாருங்கள். "ஒரு தடவை ரெண்டு முறை மெயில் போயிடுச்சு, மானம் போச்சு" என்றால் அதுதான் அடிப்படைத் தேவை. மூன்றாம் வகையை முதல் பதிப்பில் மறந்துவிடுங்கள்.

ரெண்டு பேர் நேர் எதிரா சொல்றாங்க. யாரை நம்பறது?

இருவரையும் நம்புங்கள். பணத்தைப் பின்தொடர்வது பற்றி ஒருவர் "வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடக்கணும்" என்கிறார், மற்றவர் "கறாரா எழுதணும்" என்கிறார் என்றால், அவர்கள் வேறு வேறு நிலையில் இருப்பவர்கள். முதலாமவருக்கு இரண்டே வாடிக்கையாளர்கள், ஒருவரை இழந்தாலும் பாதி வருமானம் போகும். இரண்டாமவருக்கு முப்பது சிறு வாடிக்கையாளர்கள். எது இவர்களைப் பிரிக்கிறதோ அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து, சீட்டுகளைக் கோட்டின் இரு பக்கமும் பிரித்து, எடையைத் தனித்தனியாகப் போடுங்கள்.

பிறகு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இருவருக்கும் பொதுவாக "செட்டிங்ஸ்" வைத்துச் சமாளிப்பது எளிதாகத் தோன்றும். அங்கே தொடங்குவதுதான் யாருக்கும் பிடிக்காத ப்ராடக்ட். எந்தப் பக்கம் என்பதற்கு: எந்தப் பக்கத்தில் எடை 2ம் 3ம் அதிகம், எந்தப் பக்கத்தில் அடுத்த பத்துப் பேரை நீங்கள் எளிதில் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு பெரிய நிறுவனம் "இதைச் செஞ்சு கொடுத்தா உடனே வாங்கறோம்"னு சொல்லுது. விடறதா?

விட வேண்டியதில்லை, பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்: அது ப்ராடக்ட் அல்ல, ஒப்பந்த வேலை. அவர்கள் கேட்பதை மற்ற குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். அதே தேவை 1 அல்லது அதற்கு மேல் எடையோடு குறைந்தது மூன்று பேரிடமாவது இருந்தால் இரண்டும் ஒரே பாதை, தாராளமாகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒப்பந்த வேலைக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு செய்யுங்கள், அல்லது விடுங்கள். "உடனே" என்பதைச் சோதிக்க முன்பணத்தோடு கூடிய கையெழுத்தைக் கேளுங்கள். வாங்கும் அதிகாரம் இல்லாதவர்தான் பெரும்பாலும் அந்த வாக்குறுதியைத் தருகிறார்.

பயன்படுத்தறவர் ஒருத்தர், காசு கொடுக்கறவர் இன்னொருத்தர். யாரோட பேச்சை எடுத்துக்கறது?

இருவரிடமும் தனித்தனியாகப் பேட்டி எடுங்கள், சீட்டுக்கு வேறு நிறம் கொடுங்கள். எண்ணிக்கையையும் தனித்தனியாகவே பாருங்கள். பயனர் 12 பேர் என்றால், வாங்குபவர் தரப்பில் 5, 6 பேராவது வேண்டும். எதை உருவாக்குவது என்பதைப் பயனரின் சம்பவங்களிலிருந்து எடுங்கள். எது இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள் என்பதை வாங்குபவரிடமிருந்து எடுங்கள். அந்த இரண்டாவது பட்டியல் சிறியதாகவும் சலிப்பூட்டுவதாகவும் இருக்கும்: தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம், ரத்து செய்வது எப்படி.

முதல் பதிப்புல எவ்வளவு இருக்கணும்?

ஒரே ஒருவகை ஆள், ஒரே ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து முடிக்க வேண்டும். ஐந்து வேலைகளைப் பாதிவரை அல்ல. ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்யும் ஃப்ரீலான்சர், தன் பில் இன்று யாரிடம் நிற்கிறது என்பதைப் போன் செய்யாமல் தெரிந்துகொள்கிறார்." இந்த வாக்கியம் நடக்கத் தேவையில்லாத எதுவும் முதல் பதிப்பில் வேண்டாம். பில் வடிவமைப்பு, வரி அறிக்கை, மொபைல் செயலி எல்லாம் போகட்டும்.

வெட்டியவற்றையும் எழுதி வையுங்கள், ஏன் வெட்டினோம் என்று ஒரு வரியோடு. இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வசதி புதுப் பெயரில் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எதையும் உருவாக்காமலே சோதிக்க முடியாதா?

முடியும், முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். 1999இல் நிக் ஸ்வின்மர்ன், இணையத்தில் மக்கள் செருப்பு, ஷூ வாங்குவார்களா என்று பார்க்கக் கிடங்கு கட்டவில்லை. கடைகளில் இருந்த ஷூக்களைப் படமெடுத்துத் தளத்தில் போட்டார். ஆர்டர் வந்ததும் கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். அது பின்னாளில் சாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடை ஆனது. கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் சேவையான டிராப்பாக்ஸ் 2008இல் செயல்விளக்கக் காணொளி ஒன்றை வெளியிட்டபோது, காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் சுமார் 5,000இலிருந்து 75,000 ஆனது. இரண்டில் முதலாவதுதான் வலுவான சான்று. மின்னஞ்சல் முகவரி கொடுக்கக் காசு செலவில்லை.

நம் உதாரணத்தில்: எடை 2, 3 வாங்கிய ஐந்து பேரின் பில்களை நீங்களே கையால் பின்தொடருங்கள். நான்கு வாரம், போனும் ஒரு எக்செல் தாளும் போதும், சிறு கட்டணத்தோடு. இலவசமாகச் செய்யாதீர்கள், இலவசம் என்றால் யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள், அதனால் ஒன்றும் தெரியவராது. எந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் முதலில் மென்பொருளாக வேண்டியது. கணக்குப் பிரிவினர் உங்களுக்குத் தகவலே தர மறுத்தால், அதுவும் இப்போதே தெரிந்துவிடும்.

பேட்டி ஒண்ணு சொல்லுது, பயன்பாட்டு டேட்டா வேற சொல்லுது. எது சரி?

என்ன நடந்தது என்பதில் டேட்டாவை நம்புங்கள். ஏன் என்பதற்குப் பேட்டிக்குத் திரும்புங்கள். "தினமும் பார்க்கிறேன்" என்றவர் வாரம் ஒருமுறைதான் உள்ளே வருகிறார் என்றால் அவர் பொய் சொல்லவில்லை, தன்னைப் பற்றிய நினைவு அப்படி. அவரையே மறுபடி அழைத்து, கடைசியாக உள்ளே வந்த அந்த நாளைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

எங்க டீம்ல பாதிப் பேர் பேட்டி முடிவை ஏத்துக்க மாட்டேங்கறாங்க. நிறுவனரே ஏத்துக்கல. என்ன செய்ய?

அறிக்கை யாரையும் மாற்றாது. முடிவெடுப்பவரைக் குறைந்தது மூன்று பேட்டிகளில் பேசாமல் உட்கார வையுங்கள். வர மறுத்தால் இரண்டு நிமிட ஒலித் துண்டுகள் நான்கைப் போட்டுக் காட்டுங்கள். சுருக்கிய ஸ்லைடைவிட ஒருவரின் குரலில் இருக்கும் சலிப்பு நன்றாக வேலை செய்யும்.

இதைவிட நல்லது, பேட்டிகளுக்கு முன்பே ஒவ்வொருவரும் தனித் தாளில் எழுதித் தருவது: எந்தப் பிரச்சினை மேலே வரும், எதைப் பார்த்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். முடிவு வந்த பிறகு தாள்களைப் பிரித்தால், "எனக்கு முன்னாடியே தெரியும்" என்ற வாதமும் "இவங்க சரியான ஆட்களே இல்லை" என்ற வாதமும் பெருமளவு அடங்கிவிடும்.

கடைசியா ஒண்ணு. பேட்டியெல்லாம் எடுத்துப் பார்த்தா, யாருக்கும் அந்தப் பிரச்சினை பெரிசாவே இல்லைன்னு தெரியுது. கேள்வி கேட்டது தப்பா, ஐடியா தப்பா?

முதலில் ஆட்களைச் சரிபாருங்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன வடிகட்டலைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? பாதிக்கும் குறைவு என்றால், சரியான ஆறு பேரைப் பிடித்து மறுபடி பேசுங்கள். அவர்களிடமும் எடை 0க்கும் 1க்கும் மேல் எழவில்லை என்றால் தவறு ஐடியாவில்தான்.

அப்போது ஓரமாக வைத்த, எந்தக் குழுவிலும் சேராத சீட்டுகளை எடுங்கள். அவற்றில் எடை 2 அல்லது 3 உள்ளவை மட்டும் போதும். பணத் தாமதம் பற்றிப் பேச வந்தவர் நடுவில், "அதைவிடுங்க, எந்த வேலைக்கு எவ்வளவு கேட்கறதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் போகுது, அதுக்குன்னு ஒரு பழைய விலைக் கோப்பு வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சீட்டில் பேட்டி எண் இருக்கும். அவரிடமே மறுபடி போய், அந்தக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.